பாம்பன் ரயிலடிச் சாப்பாட்டுக் கடை

பாம்பன் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தொலைவில், ஓடு வேய்ந்த பழைய கட்டடத்தில், இரண்டு தலைமுறையாக நடந்துவரும் மீன் சாப்பாட்டுக் கடை ஒன்று இருக்கிறது. பெயர்ப்பலகையில் எழுத்து மங்கிவிட்டதால் ஊரார் அதை ரயிலடிக் கடை என்றே சொல்கிறார்கள். ராமேசுவரம் சாலையில் குளிரூட்டிய உணவகங்கள் பல வந்துவிட்ட பிறகும், மதியத்தில் இங்கே இலை கிடைக்கக் காத்திருக்கத்தான் வேண்டியிருக்கிறது. அன்று கரையேறிய மீனைத் தவிர வேறு மீனைச் சமைப்பதில்லை என்ற பிடிவாதம்தான் கடையை இத்தனை காலம் நிலைநிறுத்தியிருக்கிறது என்று நினைக்கிறேன்.

அந்தப் பிடிவாதத்துக்குப் பாம்பனைப் போல் பொருத்தமான ஊர் வேறில்லை. வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. ஊர்க்காரர்கள் வாயில் வடகடல், தென்கடல். வடகடலில் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள் மட்டுமே தொழிலுக்குப் போய் மறுநாள் காலையில் திரும்புகின்றன. மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு உரியவை. ஆகவே விசைப்படகு கரை பிடித்த நாளில் நண்டும் கணவாயும் இறாலும் காரலும் இலைக்கு வருகின்றன. தென்கடல் நாட்டுப்படகுக்காரர்கள் பவளப்பாறைப் பக்கம் தூண்டில் போட்டுத் திரும்பிய நாளில் விளைமீனும் பாறை மீனும் கிடைக்கின்றன. காற்று பலமாக அடித்து எந்தப் படகும் போகாத நாளில் கருவாட்டுக் குழம்பும் முட்டையும் மட்டுமே உண்டு என்று உட்காரும் முன்பே சொல்லிவிடுகிறார்கள். பட்டியலில் அச்சடித்த மீனை எப்பாடுபட்டாவது ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்துப் போடும் உணவகங்களைப் பார்த்துச் சலித்தவர்களுக்கு, இல்லை என்பதை இல்லை என்று சொல்லும் இந்த வழக்கம் பெரிய ஆறுதலாக இருக்கும்.

குழம்பைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கமுதி, முதுகுளத்தூர்ப் பக்கத்து மானாவாரி நிலங்களில் விளையும் அந்த உருண்டை மிளகாய், தடித்த தோலால் குழம்புக்கு நிறமும் கெட்டித்தன்மையும் கொடுக்கும், காரத்தை மட்டும் அளவோடு வைக்கும். இக்கடையில் அதை மல்லியோடு வறுத்து அம்மியில் அரைத்து, தேங்காயைக் குறைவாகச் சேர்த்து, புளியை முன்னே நிறுத்துகிறார்கள். காலையில் கூட்டிய குழம்பு நண்பகல்வரை மண்சட்டியில் ஊறுவதால், புளிப்பும் உறைப்பும் தனித்தனியாகத் துருத்தாமல் மீனுக்குள் இறங்கியிருக்கின்றன. சூடை மீன் பொரியல் முள்ளோடு மென்று தின்னும் பதத்தில் இருக்கிறது. கணவாய்த் தொக்குதான் சில நாட்களில் சற்று அதிகமாக வெந்து ரப்பர்த்தன்மை தட்டிவிடுகிறது. அதற்குப் பதில் நண்டு ரசம் கேட்பது நல்லது. பால்சுறா கிடைக்கும் நாளில் புட்டு செய்கிறார்கள். அதில் ஒரு பங்கு, தெருவில் பிள்ளை பெற்ற பெண் இருக்கும் வீட்டுக்குத் தூக்குவாளியில் முதலிலேயே போய்விடுகிறது. வெளியூர்க்காரர் எத்தனை பேர் காத்திருந்தாலும் அந்தப் பங்கில் கை வைப்பதில்லை.

இந்தக் கடை யாருக்கானது என்பது ரயில் நின்ற காலத்தில் நன்றாகத் தெரிந்தது. 1914இல் திறக்கப்பட்ட பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. புதிய செங்குத்துத் தூக்குப் பாலம் 2025 ஏப்ரல் 6 அன்றுதான் திறக்கப்பட்டது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ரயில்கள் மண்டபத்தோடு நின்றுவிட்டதால், பாம்பன் நிலையத்தில் இறங்கிச் சாப்பிட வருவோர் ஒருவரும் இல்லை. அப்போதும் அடுப்பு அணையவில்லை. வலை பின்னுவோரும், ஐஸ் உடைப்போரும், மீன் ஏலக் கணக்கு எழுதுவோரும், பள்ளி ஆசிரியர்களும் வழக்கம்போல வந்து உண்டார்கள். கையில் காசில்லாத நாளில் நோட்டில் எழுதிவைத்து, படகு கரை வந்ததும் தீர்த்தார்கள். யாத்திரிகர்களை மட்டும் நம்பியிருந்தால் கடை அந்த இடைவெளியைத் தாண்டியிருக்காது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை சில. சைவச் சாப்பாடு என்று தனியே கிடையாது. கை கழுவும் இடம் குறுகல். விடுமுறை நாட்களில் ஈரத் தரையில் வரிசையில் நிற்க நேரும், அதை அவர்கள் கட்டாயம் சரிசெய்ய வேண்டும். விலை அன்றைய ஏலத்தைப் பொறுத்து மாறுவதால் உட்காரும் முன் கேட்டுக்கொள்ளலாம். முகம் சுளிக்காமல் சொல்கிறார்கள். இரண்டு மணிக்கு மேல் போனால் பெரும்பாலும் ரசமும் மோரும்தான் மிஞ்சும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் கட்டப்பட்டிருக்க, நாட்டுப்படகு கொண்டுவரும் சிறுமீன்களே சமையலுக்கு வருகின்றன. பெரிய மீன் வறுவலை நாடுவோர் அந்த இரண்டு மாதங்களைத் தவிர்க்கலாம். சூடை மீனும் நகரை மீனும் போட்ட புளிக்குழம்பை விரும்புவோர் அப்போதே போகலாம்.