தங்கைக்கு வக்கீல் தேடிய 24 நாட்கள்

மெல்போர்னிலிருந்து மதுரைக்கு இந்த முறை நான் போனது கல்யாணத்துக்கோ திருவிழாவுக்கோ இல்லை. தங்கையின் விவாகரத்து மனுவைப் போட்டுவிட்டு வரத்தான். கையில் 24 நாள் விடுப்பு. அவளும் கணவரும் பிரிந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது. இனிச் சேர்ந்து வாழ முடியாது என்பதில் இருவருக்கும் ஒரே எண்ணம். குழந்தை இல்லை. வழக்கு இவ்வளவு தெளிவாக இருக்கிறதே, வக்கீல் கிடைப்பதில் என்ன சிரமம் என்று நினைத்துத்தான் வந்தேன். ஆனால் அதற்கே பத்து நாள் போய்விட்டது.

முதலில் பார்த்தவர் மாமா சொன்ன வக்கீல். ஒத்தக்கடைப் பக்கம் இருக்கிற உயர் நீதிமன்றக் கிளையில் வழக்கு நடத்துபவர். கிளையில் பெயர் வாங்கியவருக்கும் குடும்ப நீதிமன்றத்துக்கும் தொடர்பே இல்லாமல் இருக்கலாம் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. நான் ஆஸ்திரேலியாவில் இருக்கிறேன் என்று அப்பா சொன்னதும் அவர் நாற்காலியை என் பக்கம் திருப்பிக்கொண்டார். அதன்பிறகு தங்கையிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒன்றரை லட்சம், பாதி முன்பணம், மூன்றே மாதத்தில் தீர்ப்பு உறுதி என்றார். தீர்ப்பை உறுதியாகத் தருவதற்கு வக்கீல் யார்?

இரண்டாமவர் இன்னும் மோசம். "முதல்ல ஒரு வரதட்சணைக் கேஸ் போடுவோம், தானா வழிக்கு வருவாங்க" என்றார். வரதட்சணை யாரும் கேட்கவில்லை என்று தங்கை சொன்னாள். "அதை நாங்க பாத்துக்கிறோம்மா" என்று பதில் வந்தது. அவள் எழுந்து வெளியே வந்துவிட்டாள். "நடக்காத கொடுமையை எழுதிக் கொடுத்து எனக்கு விவாகரத்து வேண்டாம்க்கா" என்று ஆட்டோவில் சொன்னாள். அவளை நினைத்து எனக்கு அன்றைக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது.

மறுநாள் நாங்கள் இருவர் மட்டும் மாவட்ட நீதிமன்ற வளாகத்துக்குப் போனோம். அங்கேதான் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் அலுவலகம் இருக்கிறது. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். 15100 என்ற எண்ணில் போன் செய்தும் கேட்கலாம். இதை எங்கள் குடும்பத்தில் ஒருவரும் கேள்விப்பட்டதில்லை. தங்கை சம்பளம் வாங்குகிறவள், கட்டணம் கொடுத்தே வைத்துக்கொள்கிறேன் என்றாள். ஆனாலும் அங்கே உட்கார்ந்து கேட்ட அரை மணி நேரம், முந்தைய இரண்டு வக்கீல்களிடம் கிடைக்காத விளக்கத்தைத் தந்தது.

அப்புறம் குடும்ப நீதிமன்ற வராந்தாவில் ஒரு முற்பகல் முழுக்க உட்கார்ந்திருந்தோம். யார் கட்சிக்காரரிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்பது அங்கே தெரிந்துவிடும். சிலர் வாய்தா தேதியை நடந்தபடியே சொல்லிவிட்டுப் போனார்கள். ஐம்பது வயதிருக்கும் ஓர் அம்மா மட்டும், ஒரு வயதான பெண்ணைப் பெஞ்சில் உட்கார வைத்து, உள்ளே நீதிபதி என்ன கேட்பார் என்று பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய குமாஸ்தாவிடம் நேரம் கேட்டுச் சாயங்காலமே பார்த்தோம்.

அவர் கட்டணத்தைப் பற்றிப் பேசவே முக்கால் மணி நேரம் ஆனது. அதுவரை கேள்விகள்தான், எல்லாம் தங்கையிடம். "அக்கா கொஞ்சம் வெளிய இருக்கட்டுமா?" என்று என்னையும் எழுப்பினார். பயத்திலோ யாராவது நெருக்கியோ சம்மதிக்கிறாளா என்று தனியாகக் கேட்டிருக்கிறார். அந்த இடத்திலேயே எனக்கு அவரிடம் நம்பிக்கை வந்துவிட்டது.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். இந்து திருமணச் சட்டம் 1955-இல் 13-ஆம் பிரிவு சண்டை போட்டு வாங்குவது. கொடுமை, இரண்டு வருடம் கைவிட்டுப் போனது போன்ற காரணத்தை நிரூபிக்க வேண்டும். 13-பி பரஸ்பர சம்மதம். அதற்கு ஒரு வருடமாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். ஒரே வீட்டில் இருந்தாலும் கணவன் மனைவியாக வாழவில்லை என்றால் அதுவும் பிரிவுதான் என்று உச்ச நீதிமன்றம் 1991-இல் சொல்லியிருக்கிறது. இருவரும் கூட்டாக மனு போட்டபின் ஆறு மாதம் காத்திருந்து, 18 மாதத்துக்குள் மறுபடி வந்து சம்மதத்தை உறுதிசெய்ய வேண்டும். அந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-இல் ஒரு தீர்ப்பு வந்திருக்கிறது. ஏற்கெனவே ஒன்றரை வருடத்துக்கு மேல் பிரிந்திருந்து, பணம், நகை எல்லாம் பேசி முடிந்திருந்தால் கேட்டுப் பார்க்கலாம். "கேக்கலாம்மா, கிடைக்கும்னு நான் வாக்குத் தர முடியாது" என்றார். மூன்று மாதம் உறுதி என்றவர் நினைவுக்கு வந்தார்.

தீர்ப்பு வரும்வரை யார் வேண்டுமானாலும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்பது எங்களைத் தூக்கிவாரிப்போட்டது. அதனால் கொடுக்கல் வாங்கலை இரண்டாகப் பிரித்து, முதல் பாதி மனு போடும்போது, மறுபாதி இரண்டாவது முறை ஆஜராகும்போது என்று எழுதினார். நகைக்கு எடையோடு பட்டியல் போட்டோம். அம்மா பீரோவிலிருந்து பழைய நகைக்கடை ரசீதுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார், ஒன்றும் பேசாமல்.

கல்யாணத்தைப் பதிவு செய்யவில்லையே என்ற பயம் எங்களுக்கு இருந்தது. தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு கட்டாயம்தான், ஆனால் பதியாததால் கல்யாணம் செல்லாமல் போய்விடாது என்றார். பத்திரிகை, தாலி கட்டும் போட்டோ, கோயில் ரசீது, இருவரின் ஆதார், பாஸ்போர்ட் அளவுப் படம் ஆகியவற்றை வாங்கிக்கொண்டார். கல்யாணம் மதுரையில் நடந்ததால் மனுவையும் இங்கேயே போடலாம். ஆங்கிலத்தில் தட்டச்சான மனுவை வரிவரியாகத் தமிழில் சொல்லி, தங்கை தலையாட்டிய பிறகுதான் வக்காலத்தில், அதாவது அவளுக்காக ஆஜராக வக்கீலுக்கு அதிகாரம் தரும் தாளில், கையெழுத்து வாங்கினார். குடும்ப நீதிமன்றத்தில் நீதிபதி நேராக அவளிடமே கேட்பார், மனுவில் என்ன இருக்கிறதென்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றார். கட்டணம் முதலாமவர் கேட்டதில் மூன்றில் ஒரு பங்கு. மூன்று தவணை, ஒவ்வொன்றுக்கும் ரசீது.

என்னைப் போல வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவில் 12 மாதம் பிரிந்திருந்தாலே விவாகரத்துக் கிடைக்கும். அதை வாங்கிவிட்டால் ஊரிலும் செல்லும் என்று இங்கே பலர் நம்புகிறார்கள். இந்து திருமணச் சட்டத்தில் இல்லாத காரணத்தின் பேரில், மற்றவர் மனதார ஏற்று ஆஜராகாமல் வாங்கிய வெளிநாட்டுத் தீர்ப்பை இந்தியாவில் ஏற்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1991-இலேயே சொல்லிவிட்டது. மறுமணம் வரை போன பிறகு இது தெரியவந்தால் பெரும் வேதனை. முன்கூட்டியே ஒரு வக்கீலிடம் கேட்டுவிடுங்கள்.

மனு ஒருமுறை சிறு குறைக்காகத் திரும்பி வந்து, நான் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு ஏற்கப்பட்டு நம்பர் ஆனது. நீதிமன்றங்களின் ஈ-கோர்ட்ஸ் செயலியில், வழக்குக்குத் தரும் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைப் போட்டால் அடுத்த வாய்தா இங்கிருந்தே தெரிகிறது. காலையில் டிராமில் போகும்போது அதைத்தான் முதலில் திறக்கிறேன். ஆனால் எனக்கு முன்பே தங்கை பார்த்துவிட்டு, வக்கீலம்மாவிடமும் பேசிவிட்டு, தேதியைக் குறுஞ்செய்தியில் அனுப்பியிருப்பாள்.