பின்னேரத்து ஒரு மணி நேரம்: இடைநிலைச் சதுரங்க ஆட்டக்காரரின் தெரிவுகள்

என்னுடன் சதுரங்கம் பழகியவர்களில் பலர் பாடசாலை அணியில் தொடங்கி, உயர்தரப் பரீட்சை நெருங்கியதும் பலகையை மடித்து வைத்தவர்கள். வேலைக்குப் போன பின்னர் கைபேசியில் மீண்டும் தொடங்கி, ஓரிரு ஆண்டுகள் ஏறி, ஓர் இடத்தில் நின்றுவிடுகிறார்கள். நானும் அப்படி நின்றவன். இணையத்தில் சதுரங்கம் ஆடும் லீசெஸ் தளத்தில், ஆட்டக்காரரின் வலிமையைக் காட்டும் தரப்புள்ளி புதிய கணக்குக்கு 1500இல் தொடங்கும். நான் 1700ஐத் தொட்டுவிட்டு இரண்டு ஆண்டுகள் அதைச் சுற்றியே திரிந்தேன். (இணையப் புள்ளியைப் பார்த்து மயங்க வேண்டாம். பன்னாட்டுச் சம்மேளனமாகிய ஃபிடேயின் பட்டியல் 2024 மார்ச் முதல் 1400இலிருந்துதான் தொடங்குகிறது. அந்த 1400 இணையத்து 1400ஐ விட வலியது.) இந்த மட்டத்து ஆட்டக்காரர் நிதானமாக ஆடினால் காயைச் சும்மா வெட்டக் கொடுக்கமாட்டார், ஒன்றிரண்டு தொடக்கங்களை, அதாவது ஆட்டத்தின் முதல் நகர்வு வரிசைகளை, அறிவார், ஆனால் தோற்ற ஆட்டத்தில் எங்கே தோற்றார் என்பதைச் சொல்ல அவரால் முடியாது. வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் அவருக்கு மிஞ்சுவது ஒரு மணி நேரம். அந்த ஒரு மணிக்குப் போட்டியிடும் வழிகளைத்தான் இங்கே ஒன்றோடொன்று நிறுத்திப் பார்க்கிறேன்.

அந்த நேரத்தை அதிகம் விழுங்குவது தொடக்கம் பற்றிய காணொளிகள். லண்டன் முறை, கரோ-கான், சிசிலியன் என்று ஒவ்வொரு கிழமையும் ஒன்றைப் பார்ப்பது இனிமையாகத்தான் இருக்கிறது. பதினான்காம் நகர்வு வரை மனப்பாடமும் ஆகிவிடுகிறது. ஆனால் எங்கள் மட்டத்து எதிராளி ஆறாம் ஏழாம் நகர்விலேயே அந்தப் பாதையை விட்டு விலகிவிடுகிறார், நாமோ மனப்பாடம் செய்ததை ஒப்புவிக்க இடமில்லாமல் விழிக்கிறோம். வெள்ளைக்கு ஒன்று, கறுப்புக்கு இரண்டு என்று தெரிந்துகொண்டு ஓர் ஆண்டு அவற்றை மாற்றாமல் இருப்பதே போதும் என்பது என் தீர்மானம். அதற்கு மேல் படிக்க விரும்பினால், நகர்வு வரிசையை விட்டுச் சிப்பாய் அமைப்பைப் படிப்பது பயன்தரும். அரசிப் பக்கத்தில் வெள்ளையிடம் இரண்டு சிப்பாய்களும் கறுப்பிடம் மூன்றும் நிற்கும் அமைப்பில், பி கோட்டுச் சிப்பாயை முன்தள்ளி மாற்றிக்கொண்டு, கறுப்பின் சி6 கட்டத்தில் ஒரு தனித்த பலவீனத்தை உண்டாக்கலாம் என்பதை ஒருமுறை விளங்கிக்கொண்டவருக்கு, பதினைந்தாம் நகர்வில் என்ன செய்வது என்ற திகைப்பு குறையும்.

இதற்கு மாற்றாகச் சொல்லப்படும், ஒரு நிலையைத் தந்து சிறந்த நகர்வைக் கண்டுபிடிக்கச் சொல்லும் புதிர்கள் எல்லா வகையிலும் மேலானவை. லீசெஸ்ஸில் அவை கட்டணமும் வரம்பும் இல்லாமல் கிடைக்கின்றன, இன்னொரு தளமாகிய செஸ்.காமின் இலவசக் கணக்கில் நாளுக்கு ஒரு வரம்பு உண்டு. ஆயினும் அங்கேயும் ஒரு பள்ளம் இருக்கிறது. புதிர் என்று முன்னால் வந்தாலே அதில் ஏதோ ஒளிந்திருக்கிறது என்பது தெரிந்துவிடுகிறது, உண்மையான ஆட்டத்தில் அப்படி யாரும் தோளில் தட்டிச் சொல்வதில்லை. மூன்று நிமிடத்தில் முப்பது புதிர் தீர்ப்பது பழகிய வடிவங்களைக் கண்ணில் நிறுத்த உதவும். கணக்கிடும் பழக்கத்தை வளர்க்காது. இருபது நிமிடத்தில் நான்கு கடினமான புதிர்களை எடுத்து, எதிராளியின் மிக வலிய பதில் வரை மனதில் ஓட்டிப் பார்த்த பின்னரே காயைத் தொடுவது என்று மாற்றிக்கொண்ட பிறகுதான் அதன் பலன் என் ஆட்டத்துக்குள் வரத் தொடங்கியது.

மூன்று நிமிட மின்னல் ஆட்டத்துக்கும் நீண்ட ஆட்டத்துக்கும் இடையில் எனக்கு ஐயமே இல்லை. ஒரு மணியில் பத்து மின்னல் ஆட்டம் ஆடுபவர் பழைய பிழைகளையே பத்து முறை பயிற்சி செய்கிறார். சிக்கல் என்னவென்றால், எங்கள் ஊரில் நீண்ட ஆட்டத்துக்கு ஆள் கிடைப்பது அரிது. பெரிய போட்டி என்றால் இரவு பஸ் ஏறிக் கொழும்புக்குப் போக வேண்டியிருக்கிறது. விடியற்காலை இறங்கித் தூக்கக் கண்ணோடு முதல் சுற்றில் உட்கார்ந்து, என்னைவிட நூறு புள்ளி குறைந்த ஒரு சிறுவனிடம் தோற்றதை இன்னும் மறக்கவில்லை. ஆகவே ஊரிலேயே ஒருவரைப் பிடித்துக்கொள்வது நல்லது, அவர் நம்மைவிடச் சற்று வலியவராக இருந்தால் மிக நல்லது. புள்ளிக் கணக்கின்படி 200 புள்ளி கூடியவரோடு நான்கு ஆட்டம் ஆடினால் நமக்கு எதிர்பார்க்கத்தக்கது ஏறத்தாழ ஒரு வெற்றியின் அளவு. தோல்வியைத் தாங்கவும் முடியும், பாடமும் கிடைக்கும்.

எனக்கு அப்படிக் கிடைத்தவர் எங்கள் சனசமூக நிலையத்தில் ஞாயிறு பின்னேரங்களில் பத்திரிகை வாசிக்க வரும் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர். அவருக்குப் புள்ளியும் இல்லை, கணக்கும் இல்லை. ஆட்டம் முடிந்ததும் காய்களைப் பழைய நிலைக்கு வைத்துவிட்டுக் கேட்பார்:

"தம்பி, உந்தக் குதிரையை ஏன் பின்னுக்கு எடுத்தனீ?"

"அடிபடும் எண்டு நினைச்சன், மாஸ்ரர்."

"என்னத்தாலை அடிபடும்?"

பலகையைப் பார்த்தேன். அந்தக் குதிரையை எதுவும் தாக்கியிருக்கவில்லை. இரண்டு நகர்வுக்குப் பிறகு ஒரு சிப்பாய் வந்து தாக்கக்கூடும் என்ற அச்சத்திலேயே நல்ல இடத்தை விட்டுக்கொடுத்திருந்தேன்.

ஆடிய ஆட்டத்தை ஆராய எஞ்சின் என்னும் சதுரங்க மென்பொருளா, சொந்த ஆய்வா என்ற பழைய வழக்குக்கு எனக்கு விடை கிடைத்தது அந்தக் கேள்வியில்தான். ஸ்டாக்ஃபிஷ் என்ற எஞ்சின் இலவசமானது, உலகில் எந்த மனிதரையும் விட வலியது. குதிரை பின்வாங்கிய நகர்வால் நிலை முக்கால் சிப்பாய் அளவு கெட்டது என்று அது நொடியில் சொல்லிவிடும். ஆனால் நான் பயந்துதான் எடுத்தேன் என்பதை அது சொல்லாது, ஏனென்றால் அது என் தலைக்குள் நடந்த பிழை. இப்போது ஆட்டம் முடிந்ததும் ஒரு கொப்பியில், தடுமாறிய மூன்று நான்கு இடங்களில் என்ன நினைத்தேன், எதைப் பார்க்கவில்லை என்று எழுதுகிறேன். எழுதி முடிக்கும்வரை எஞ்சினைத் திறப்பதில்லை. இருபது ஆட்டம் எழுதிய பின் கொப்பியைப் புரட்டினால், தாக்கப்படாத காயைப் பின்வாங்கியது ஆறு முறை, எதிராளியின் நகர்வுக்குக் காரணம் கேட்காமல் என் திட்டத்தையே தொடர்ந்தது எட்டு முறை. இந்தக் கணக்கை எந்த மென்பொருளும் எனக்குத் தரவில்லை. சோவியத் காலத்து உலக வெற்றியாளர் போட்வின்னிக் தம் ஆட்டங்களைத் தாமே ஆய்ந்து எழுதுவதை வற்புறுத்தியது எஞ்சின் இல்லாத காலத்தில் என்று சிலர் ஒதுக்கக்கூடும். ஆனால் எஞ்சின் காலத்திலேயே பிறந்த சென்னையின் குகேஷ், 2500 புள்ளி அளவுக்கு வரும்வரை பெரும்பாலும் எஞ்சின் இல்லாமலே பயிற்சி பெற்றவர்.

சில காய்களே மிஞ்சி நிற்கும் இறுதியாட்டம் பலருக்கு உலர்ந்த பாடமாகத் தெரிகிறது. எல்லாவற்றையும் படிக்கத் தேவையில்லை என்பது உண்மை. ஆனால் அரசன்-சிப்பாய் இறுதியும் கோட்டை இறுதியும் வேறு. ஒருமுறை என்னிடம் கோட்டை மட்டும், எதிராளியிடம் கோட்டையும் ஒரு சிப்பாயும். எதிராளியின் பக்கத்திலிருந்து எண்ணினால், என் அரசன் சிப்பாயின் வழியை மறித்து எட்டாம் வரிசையில், என் கோட்டை எதிராளியின் அரசனை முன்னேற விடாமல் ஆறாம் வரிசையில். பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு ஆட்டக்காரர் பிலிடோர் பெயரால் வழங்கும் சமநிலை அது: சிப்பாய் ஆறாம் வரிசைக்கு வரும்வரை கோட்டை அங்கேயே காத்திருக்க வேண்டும், வந்ததும் கீழே இறங்கிப் பின்னாலிருந்து செக் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். நான் பொறுமையிழந்து, சிப்பாய் ஐந்தாம் வரிசையில் நிற்கும்போதே இறங்கினேன். அவருடைய அரசன் ஆறாம் வரிசைக்குள் நுழைந்தான். அப்போதும் காப்பாற்ற வழி இருந்ததாம், அதுவும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. பத்து நிமிடப் பாடத்துக்கு மூன்று மணி நேர ஆட்டத்தை விலையாகக் கொடுத்தேன். இது எங்கள் மட்டத்தோடு நிற்கும் நோயும் அல்ல. 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில், குகேஷுடனான உலகப் பட்டப் போட்டியின் பதினான்காவது, கடைசி ஆட்டத்தில், ஒரு சிப்பாய் குறைந்திருந்தும் சமநிலையைக் காத்துவந்த அப்போதைய உலக வெற்றியாளர் டிங் லிரென், கோட்டையை எஃப்2 கட்டத்தில் வைத்தார். கோட்டைகள் மாறின, மந்திரிகளும் மாற வேண்டியதாயிற்று, மிஞ்சிய அரசன்-சிப்பாய் இறுதி தோல்வி. 7.5க்கு 6.5 என்று பட்டம் குகேஷுக்குப் போனது.

பயிற்சியாளரைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல இருக்கிறது. வளர்ந்தவர்களுக்கு மாதச் சம்பளத்தில் வகுப்பு எடுப்பது பெரும்பாலும் ரியூசன் போலவே முடிகிறது: அவர் தன் பாடத்தை நடத்துகிறார், நாம் தலையாட்டுகிறோம். அதே பணத்தில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, வலிய ஆட்டக்காரர் ஒருவரிடம் நான்கு தோற்ற ஆட்டங்களைக் கொப்பியோடு கொண்டுபோய்க் காட்டுவது எனக்கு அதிகம் உதவியது. முதல் முறை போனபோது அவர் பலகையைத் தொடவே இல்லை. கொப்பியின் ஓரத்தில் நான் எழுதியிருந்த "பயந்து எடுத்தது" என்ற சொற்களின் கீழ் பேனையால் கோடிட்டு, அப்படிக் கோடிட வேண்டியவற்றை மிச்சப் பக்கங்களில் என்னையே தேடச் சொன்னார்.