லாகின் ஆகாத படிவங்களும் என் எஃப்12 பழக்கமும்

"தம்பி, பாஸ்வேர்ட் சரியாத்தான் போடுறேன், உள்ளயே விடமாட்டேங்குது." வெப்சைட் செய்து கொடுத்து, பிறகு அதையே பழுதுபார்த்துப் பிழைக்கும் எனக்கு இதைக் கேட்டதும் கை தானாக, பிரவுசரின் உள்வேலையைக் காட்டும் எஃப்12 விசைக்குப் போய்விடும். ஃபயர்ஃபாக்ஸில் இதே வேலை செய்த ஃபயர்பக் காலத்துப் பழக்கம். 2017-இல் அதை மூடிவிட்டார்கள், குரோமுக்கு மாறினேன். அங்கே எனக்குச் சோறு போடுவது, பிரவுசருக்கும் சர்வருக்கும் இடையே போய்வருவதைப் பட்டியலிடும் நெட்வொர்க் டேப்.

நாம் திரையில் தட்டியது வேறு, சர்வருக்குப் போனது வேறு. பட்டனை அழுத்தியதும் பட்டியலில் விழும் போஸ்ட் (படிவத்தை அனுப்பும் முறை) வரியைத் திறந்து 'பேலோட்' பகுதியைப் பார்த்தால் போனது அப்படியே தெரியும். ஒருமுறை அங்கே பாஸ்வேர்ட் மட்டும் இருந்தது, யூசர்நேமைக் காணோம். பக்கத்தின் கோடில் அந்தக் கட்டத்துக்கு ஐடி என்ற அடையாளம் இருந்தது, நேம் என்ற பெயர் இல்லை. நேம் இல்லாத கட்டத்தை பிரவுசர் அனுப்பாது. இது தெரியாமல் அதற்கு முன் இரண்டு மணி நேரம் சர்வரில் ஓடும் பிஹெச்பி கோடில் முட்டிக்கொண்டிருந்தேன். டிசேபிள்டு போட்ட கட்டத்துக்கும் அதே கதிதான். ரீட்ஒன்லி போட்டால் போகும்.

இந்த டேபில் எனக்குத் தீராத எரிச்சல் ஒன்று உண்டு. பக்கம் மாறியதும் பழைய வரிகள் அழிந்துவிடும். லாகினில் நமக்கு வேண்டியதே அந்த வரிதான்! 'பிரிசர்வ் லாக்' டிக் போட வேண்டும், நான் இன்னும் பாதி நாள் மறந்துவிடுகிறேன். அதைப் போட்ட பிறகுதான் ஒரு தளத்தில் போஸ்ட் வரிக்கு 301 ('வேறு முகவரிக்குப் போ') பதில் வந்திருந்ததும், அடுத்த வரி 'கெட்' (பக்கத்தைக் கேட்கும் முறை) ஆக மாறியிருந்ததும் தெரிந்தது. லாகின் என்பது அங்கே ஒரு ஃபோல்டர். படிவம் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் ஆக்‌ஷனில் கடைசி ஸ்லாஷை விட்டிருந்தார்கள். சர்வர் மென்பொருளான அப்பாச்சி ஸ்லாஷ் சேர்த்துத் திருப்பிவிட, தட்டியதெல்லாம் வழியிலேயே கொட்டிவிட்டது. பதில் 307, 308 என்றால் போஸ்ட் போஸ்டாகவே போகும். ஆனால் அதற்கெல்லாம் போகாமல் ஒரு ஸ்லாஷ் சேர்த்து முடித்தேன்.

எல்லாவற்றையும் இது சொல்லிவிடாது. பேலோடில் எல்லாம் இருந்தும் சர்வரில் போஸ்ட் அரே (படிவத்தில் வந்ததை பிஹெச்பி வைக்கும் பட்டியல்) காலியாக இருந்தால், 'ஹெடர்ஸ்' பக்கம் போய் 'கன்டென்ட்-டைப்' (எந்த வடிவில் அனுப்பினோம்) என்ன என்று பாருங்கள். ஜேசன் என்ற வடிவில் அனுப்பினால் பிஹெச்பி அதை அந்த அரேயில் நிரப்பாது. உள்ளீட்டை நாமே படித்துப் பிரிக்க வேண்டும். இன்னொன்று: பேலோடில் பாஸ்வேர்ட் பச்சையாகத் தெரியும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடாதீர்கள். நான் ஒருமுறை போட்டேன், அது தனிக்கதை.

போன மாதம் வந்த புகார் விசித்திரம். கம்ப்யூட்டரில் லாகின் ஆகிறது, போனில் ஆகவில்லை. கடைக்காரரின் போனை யூஎஸ்பியில் மாட்டி, என் குரோமில் அதன் நெட்வொர்க் டேபைத் திறந்தேன். பேலோட் ஒழுங்காகத்தான் தெரிந்தது. அப்புறம் 'வியூ சோர்ஸ்' அழுத்தினேன். யூசர்நேமின் வாலில் ஒரு கூட்டல் குறி. கீபோர்டு காட்டிய சொல்லை அவர் தொட்டுத் தேர்ந்தெடுக்க, அது கூடவே ஒரு இடைவெளியையும் சேர்த்திருக்கிறது. படிவம் அனுப்பும்போது இடைவெளி கூட்டல் குறியாகிவிடும். சர்வரில் யூசர்நேமுக்கு மட்டும், ஓரத்து இடைவெளியை வெட்டும் ஒரு டிரிம் போட்டேன். பாஸ்வேர்டுக்குப் போடவில்லை, வேண்டுமென்றே இடைவெளி வைப்பவர்களும் இருக்கிறார்கள்.

"அவ்வளவுதானா தம்பி?" என்றார். பில்லை எப்படிப் போடுவது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.