பெயின்ட் பூத் பராமரிப்பு: பணம் கொடுக்கும் முன் தரைக் கம்பிவலையைத் தூக்கிப் பாருங்கள்

கோவையில் சிறிய அளவில் கார் பாடி ஷாப் நடத்தி வருகிறேன். காருக்கு பெயின்ட் அடிக்கும் மூடிய அறைதான் பெயின்ட் பூத்; காற்று கூரை ஃபில்டர் வழியாக இறங்கி, தரை ஃபில்டர் வழியாக வெளியேறும். எங்கள் பூத்தைச் சுத்தம் செய்து ஃபில்டர்களை மாற்றித் தருவதற்காக ஒரு நிறுவனத்துடன் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் போட்டிருந்தேன். அந்த நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவர்கள் செய்ததை மட்டும் எழுதுகிறேன்.

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, நான் ஊரில் இல்லாத நேரத்தில், இரண்டு பேர் வந்து இரண்டே மணி நேரத்தில் வேலையை முடித்துவிட்டு, கூரை ஃபில்டர், தரை ஃபில்டர், விசிறிச் சுத்தம் எல்லாவற்றுக்கும் சேர்த்து 34,000 ரூபாய்க்கு பில் வைத்துவிட்டுப் போனார்கள். திங்கள்கிழமை நான் பார்த்தபோது சுவர்கள் பளிச்சென்று இருந்தன. தரை ஃபில்டர் அடைக்க அடைக்க அளவு ஏறிக் காட்டும் காற்றழுத்தக் கருவியான மானோமீட்டரும், புதிய ஃபில்டர் போட்டதும் காட்டும் அளவையே காட்டியது. அன்றே பணத்தை அனுப்பிவிட்டேன்.

அந்த வாரமே ஒரு கறுப்புக் காரின் பானெட்டில், நிறத்துக்கு மேல் அடிக்கும் பளபளப்புப் பூச்சான கிளியர் கோட் அடித்த சில நிமிடங்களில், நடுவில் பெயின்ட் விலகிய சிறு வட்டக் குழிகள் விழுந்தன. பெயின்டர்கள் ஃபிஷ் ஐ என்று சொல்வது இதைத்தான். அடுத்த காரில் தூசி. அதோடு, அடித்த பெயின்டின் புகை கீழே இறங்காமல் இடுப்பளவில் சுழன்று, ஈரமான பரப்பின் மேலேயே சொரசொரப்பாகப் படிந்தது. அந்த நிறுவனத்துக்கு போன் செய்தால், “பூத் நல்லாத்தான் இருக்கு சார், பெயின்டர் கையைப் பாருங்க” என்றார்கள். பதினொரு வருடமாக என்னிடம் வேலை பார்க்கும் பெயின்டரிடம், பெயின்ட் அடிக்கும் முன் காரை ஒழுங்காகத் துடைத்தாரா என்று நானும் கேட்டுவிட்டேன். இன்றும் அது உறுத்துகிறது. அவர் பதில் சொல்லாமல் தரைக் கம்பிவலையைத் தூக்கிக் காட்டினார்.

கீழே இருந்தவை எங்கள் பழைய கண்ணாடியிழை ஃபில்டர்களேதான். பெயின்ட் படிந்த பக்கம் கீழே போகும்படி திருப்பிப் போட்டிருந்தார்கள். அந்த ஃபில்டர் பாயில் இழைகள் மேல்பக்கம் தளர்வாகவும் கீழ்ப்பக்கம் நெருக்கமாகவும் இருக்கும். அப்போதுதான் பெயின்ட் துகள்கள் உள்ளே ஆழம் வரை பரவித் தங்கும். ஏற்கெனவே பாதி அடைத்திருந்த பாயைத் தலைகீழாகப் போட்டதால், நெருக்கமான பக்கம் மேலே வந்து, அதன் பரப்பும் சீக்கிரமே அடைத்துக்கொண்டது. காற்று போக வழியில்லாமல் போனது அதனால்தான்.

அப்படியானால் மானோமீட்டர் எப்படிச் சரியான அளவைக் காட்டியது? விசிறியை நிறுத்திப் பார்த்தோம். நிறுத்தியதும் சாய்வான குழாயில் உள்ள சிவப்பு எண்ணெய் பூஜ்யத்தில் வந்து நிற்க வேண்டும்; அது பூஜ்யத்துக்கும் கீழே இறங்கி நின்றது. ஃபில்டரை மாற்றுவதற்குப் பதிலாக, பூஜ்யம் வைக்கும் திருகைத் திருகிவிட்டுப் போயிருக்கிறார்கள். இதைச் செய்யத் தெரிந்தவர்களுக்கு ஃபில்டர் மாற்றத் தெரியாமல் இல்லை.

கூரை ஃபில்டர் என்னவோ புதியதுதான். ஆனால் அதன் அடிப்பக்கத்தைத் தொட்டால் விரலில் கொஞ்சமும் பிசுபிசுக்கவில்லை. தூசியைப் பிடித்து வைக்கும் பசை இல்லாத வெறும் பஞ்சுப் பாய். சட்டத்தின் ஓரத்தில் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளியும் இருந்தது. குழிகளுக்கான காரணம் அதைவிட அற்பமானது: கீச்சென்று சத்தமிட்ட கதவுக் கீலுக்கு சிலிக்கான் ஸ்பிரே அடித்திருந்தார்கள். பூத்துக்குள் கொஞ்சம் சிலிக்கான் பறந்தாலும் பெயின்ட் அந்த இடத்தில் ஒட்டாது. கீல்களைக் கழற்றிக் கழுவி, சுவர் முழுவதையும் கிரீஸ் ரிமூவரால் துடைத்தெடுக்க எங்களுக்கு இரண்டு நாள் ஆனது. இரண்டு கார்களையும் தேய்த்து மறுபடி அடித்தோம்.

இப்போது வேறொருவர் வேலை செய்கிறார். கழற்றிய ஃபில்டர்களை என் கண்முன் எண்ணி வைக்க வேண்டும், மானோமீட்டரை விசிறி நின்றிருக்கும்போதும் ஓடும்போதும் காட்ட வேண்டும், சிலிக்கான் கலந்த எதையும் உள்ளே கொண்டுவரக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கியிருக்கிறேன். பழைய நிறுவனமோ அடுத்த சர்வீஸை இலவசமாகச் செய்து தருவதாகச் சொல்கிறது. நான் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறேன். திருப்பிப் போட்ட பாய்களில் ஒன்று ஆதாரத்துக்காகத் தண்ணீர் நிரப்பிய இரும்புப் பீப்பாயில் மூழ்கிக் கிடக்கிறது. பெயின்ட் ஏறிய ஃபில்டரைக் காய்ந்த மூட்டையாக வைத்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக் கூடும்.