நெடுந்தீவுச் சாப்பாடு: முதல்நாளே சொல்லி வையுங்கோ

லண்டனில் இருந்து கோடை விடுமுறைக்கு இங்கிலாந்தின் தெற்கே இருக்கிற ஐல் ஒவ் வைட் தீவுப் பக்கம் போகிற ஆட்கள் நாங்கள். அங்கே சாப்பாட்டுக்கு யோசிக்கத் தேவையில்லை. பப் வாசலில் விருதுத் தகடு தொங்கினால் உள்ளே போய் நண்டு சாண்ட்விச் கேட்கலாம். அந்தப் பழக்கத்தோடுதான் இந்த ஆடியில் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணத்து நெடுந்தீவுக்குப் போனேன்.

பண்ணைப் பாலம் தாண்டி, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் இறங்குதுறை. அங்கிருந்து போட்டில் ஒரு மணித்தியாலம். எங்கள் காலடியில் முட்டைத் தட்டுகள், தக்காளிப் பெட்டி, காஸ் சிலிண்டர். அன்றைக்குத் தீவில் என்ன சமைபடும் என்பதை அந்தச் சாமான்களைப் பார்த்தே கணக்குப் போட்டிருக்கலாம். எனக்கு அப்போது அது விளங்கவில்லை.

கோட்டை, குதிரைகள், பெருக்கு மரம் எல்லாம் சுற்றிவிட்டு ஒரு மணிக்குக் கடைக்குப் போனால் சோறு முடிந்துவிட்டது. "அண்ணை, எத்தனை பேர் வருவினமெண்டு தெரியாமல் கூட உலை வைக்கேலாது. மிஞ்சினால் ஆருக்குக் குடுக்கிறது?" என்றார் கடைக்காரர். ரொட்டியும் சம்பலும் பிளேன்ரீயுமாகத் திரும்பினோம். மனைவி குறிகட்டுவான் வரைக்கும் என்னோடு கதைக்கவில்லை.

திரும்பவும் ஒருக்கா போவதென்று முடிவெடுத்தோம். நல்லூர்க் கந்தன் திருவிழாக் கொடி ஏற இன்னும் 2 நாள் இருந்தது. ஏறிவிட்டால் 25 நாளைக்குப் பல வீடுகளில் மீன்சட்டி அடுப்பேறாது. எங்களை ஏற்றித் திரிந்த ஓட்டோத் தம்பிக்கு முதல்நாள் பின்னேரமே ஃபோன் எடுத்து, "ஐந்து பேர், கூழ் குடிக்க வேணும்" என்றேன். "அக்காட்டச் சொல்லிவிடுறன் அண்ணை" என்றார். அவ்வளவுதான் முன்பதிவு.

நாங்கள் போகும்போது ஒடியல் மா, அதாவது காய்ந்த பனங்கிழங்கு மா, ஊறிக்கொண்டிருந்தது. அந்த அக்கா மேலே தெளிந்த தண்ணீரை வடித்து ஊற்றி, திரும்ப நல்ல தண்ணீர் விட்டார். அந்தக் கைப்புப் போகாவிட்டால் கூழ் வாயில் வைக்கேலாது. பானைக்குள் ஒரு பிடி அரிசியும் பயற்றங்காயும் மரவள்ளியும் ஏற்கெனவே வெந்துகொண்டிருந்தன. பலாக்கொட்டை மட்டும் யாழ்ப்பாணச் சந்தையில் வாங்கிப் போட்டில் வந்தது. பிறகு நண்டு, இறால், விடிய வலையில் பட்ட சின்ன மீன். செத்தல் மிளகாய் அரைத்த கூட்டும் பழப்புளியும் விட்டு, கடைசியாக மாவைக் கரைத்து ஊற்றி முருங்கை இலை தூவினார். கூழ் தடித்து வரும்போது கரண்டியைத் தூக்கிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம்" என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டார்.

லண்டனில் பக்கெட் ஒடியல் மாவில் நாங்கள் காய்ச்சுவதும் கூழ்தான், ஆனால் உறைந்த நண்டில் இந்த இனிப்பு வராது. என் மகன் நண்டுக்காலைக் கடித்துக்கொண்டே ஃபோனில் நட்சத்திரம் போடக் கடையின் பெயரைத் தேடினான். வீட்டுக்கு என்ன பெயர்! விலை கேட்டால் அக்கா சிரிக்கிறார், சொல்கிறார் இல்லை. தம்பியிடம் விசாரித்துக் காசைத் திணித்துவிட்டு வந்தேன். கார்ட்டை நம்பிப் போகாதீர்கள், கையில் காசு வேணும்.

பக்கத்து நயினாதீவில் இந்தச் சிக்கலே இல்லை. நாகபூசணி அம்மன் கோயிலில் மதியப் பூசை முடிய அமுதசுரபி மண்டபத்தில் அன்னதானம். பந்தியில் இருந்தால் சரி.

சரி, பப்? அதுவும் இருக்கிறது, கள்ளுத் தவறணை என்று பெயர். திரும்பும் வழியில் வேலணைப் பக்கம் ஒன்றில் மச்சானோடு ஒதுங்கினேன். பனையோலைப் பிளாவில் குடித்ததெல்லாம் அப்பாவின் காலம், இப்போது பிளாஸ்ரிக் குவளை. காலைக் கள்ளு முடிந்து, பின்னேரம் இறக்கியது வந்திருந்தது, நுரை அடங்கவில்லை. கடிக்க என்ன இருக்கென்று கேட்டால், "வெளியில அம்மா இருக்கிறா, பாருங்கோ" என்றார்கள். படலையடியில் ஒரு அம்மா சட்டியை மூடி வைத்துக்கொண்டு கணவாய்ப் பிரட்டல் விற்றார். உறைப்பில் கண்ணீர் வந்தது. இரண்டாம் முறை வாங்கப் போனபோது சட்டியின் அடியில் குழம்புதான் கிடந்தது. "நாளைக்கு வாறதெண்டால் இப்பவே சொல்லிப்போட்டுப் போங்கோ தம்பி" என்றார்.

நாளைக்குக் கொழும்புக்கு பஸ்.