மூன்று வருடமாக எங்கள் மாக் லூப்: எல்லாம் சரி, அந்தக் குமிழி மட்டும்

போன வாரம் எங்கள் மாக் லூப்பில், அதாவது இதயமும் ரத்தக் குழாயும் போல மேசைமேல் திரவத்தை ஓட்டிப் பார்க்கும் சோதனை அமைப்பில், காற்றுத்தொட்டியின் மூடியை மூன்றாவது தடவையாக மாற்றி முடித்த அன்றைக்கே, எங்களிடம் படித்துவிட்டு இப்போது கோவையில் வேலை பார்க்கும் ஒரு தம்பி போன் போட்டான். "சார், எல்வாட் பம்ப் டெஸ்ட் பண்ண நாங்களும் ஒரு மாக் லூப் கட்டலாம்னு இருக்கோம், உங்களுது எப்படிப் போகுது?" எல்வாட் என்பது பலவீனமான இதயத்தின் இடது வென்ட்ரிக்கிளுக்கு (இடது கீழறை) உதவியாக ரத்தத்தைத் தள்ளும் பம்ப். அவனிடம் சொன்னதையும் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

எங்களுடையது வழக்கமான அமைப்புதான். இடது வென்ட்ரிக்கிளுக்கு ஒரு பிஸ்டன், வால்வுக்கு இரண்டு பிவிசி நான்-ரிட்டர்ன் வால்வு, தமனியின் நெகிழ்வுக்கு அக்ரிலிக் காற்றுத்தொட்டி, ரத்தக் குழாய்கள் ஓட்டத்துக்குத் தரும் தடைக்கு டியூபை நசுக்கும் கிளாம்ப். நிமிடத்துக்கு 70 துடிப்பு, துடிப்புக்கு 70 மில்லி என்று வைத்தால் ஏறக்குறைய 5 லிட்டர் ஓடும். பலவீனமான இதயம் வேண்டுமா, பிஸ்டன் நகரும் தூரத்தை, அதாவது ஸ்ட்ரோக்கைக் குறைத்தால் போதும். பிஸ்டனும் மோட்டாரும் இத்தனை நாளில் ஒரு நாள் கூடத் தகராறு செய்ததில்லை, அதைச் செய்து கொடுத்த செவ்வாய்ப்பேட்டை லேத் பட்டறைக்காரருக்கு இன்றைக்கும் நன்றி சொல்கிறேன்.

என் கோபமெல்லாம் குமிழி மேல்தான்.

சோதிக்க மாட்டிய எல்வாட் பம்பின் வேகத்தை ஏற்றினால் அது வென்ட்ரிக்கிளிலிருந்து இழுக்கும், இன்லெட் பக்கம் அழுத்தம் வெளிக்காற்றை விடக் கீழே போகும். அந்தப் பக்கம் எந்த மூட்டில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் தண்ணீர் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். தரை காய்ந்து கிடக்கும், மேசை காய்ந்து கிடக்கும், ஆனால் ஃப்ளோ சென்சார் மட்டும் பைத்தியம் பிடித்தது போல ஏறி இறங்கும். அல்ட்ராசவுண்டில் அளக்கிற சென்சாருக்குக் குமிழி ஆகவே ஆகாது. முதலில், ரத்தத்துக்குப் பதிலாக ஓடும் கிளிசரின்-தண்ணீர் கரைசலில் கரைந்திருந்த காற்றுதான் பிரிந்து வருகிறது என்று நினைத்து, ராத்திரி முழுக்க ஆறவிட்டுப் பார்த்தோம். அப்புறம் பம்பை நிறுத்திவிட்டு பிபி கருவியின் ரப்பர் பல்பை மாட்டி லூப் முழுவதையும் 150 மில்லிமீட்டர் பாதரசத்துக்கு ஏற்றினோம், ஒரு சொட்டு கூட வரவில்லை. இப்படியே இரண்டு மாதம்.

கடைசியில் கை கொடுத்தது ஒரு பெயின்ட் பிரஷ். பம்ப் ஓடும்போதே, தண்ணீர் கலக்காத கெட்டி கிளிசரினை ஒவ்வொரு மூட்டிலும் தடவிவிட்டு ஒரு நிமிடம் காத்திருப்பது. எந்த இடத்தில் தடவியதும் குமிழி நிற்கிறதோ அதுதான் ஓட்டை. நின்ற இடம், இன்லெட் அழுத்தத்தை எடுக்கப் போட்டிருந்த த்ரீவே. ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் லைனில் போடுவார்களே, அதேதான். இப்போது இன்லெட் பக்கம் த்ரீவேயே கிடையாது, மரை போட்ட போர்ட், ஓ-ரிங், நேராக டிரான்ஸ்டியூசர் (அழுத்த சென்சார்). ஆறு மாதம் நிம்மதி. மறுபடி வந்தது, இந்தத் தடவை கேபிள் டை. பூட்டு இருக்கும் இடத்துக்கு அடியில் அது டியூபைச் சமமாக இறுக்குவதில்லை, அதுவும் சேலம் வெயிலில் பிவிசி டியூப் இளகிவிடுகிறது. ஹோஸ் கிளிப் போட்டோம்.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்லக் காரணம் இருக்கிறது. அந்த இரண்டு மாதத்தில் ஒரு மாணவி தன் பம்பின் அழுத்தம்-ஓட்டம் வளைவு தொங்குகிறதே என்று இம்பெல்லர் (பம்புக்குள் சுழலும் சக்கரம்) பிளேடை மாற்றி மாற்றி பிரின்ட் எடுத்துக்கொண்டிருந்தாள். காற்று சேர்ந்தால் சென்ட்ரிஃபியூகல் பம்பில் அழுத்தம் விழும், அவளுடைய பிளேடில் ஒரு குறையும் இல்லை. ஒரு மாத உழைப்பு வீண். அதை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

மூடி உடைந்த கதை சின்னது. அக்ரிலிக்கை ஸ்பிரிட் போட்டுத் துடைக்கக் கூடாது, இறுக்கிய போல்ட்டைச் சுற்றி நுண்ணிய கீறல்கள் ஓடிவிடும். மூன்று தடவையும் யாரோ சுத்தமாக இருக்கட்டும் என்று துடைத்ததுதான். சோப்புத் தண்ணீர் போதும்.

இனி நல்ல விஷயம். போன வருடம் ஏற்காட்டில் ஒரு பள்ளிக் கண்காட்சிக்கு இதை வேனில் ஏற்றி, 20 கொண்டை ஊசி வளைவுகளும் தாண்டிக் கொண்டுபோனோம். மேலே போய் அதே கோடு வரை நிரப்பி, அதே ஸ்ட்ரோக், அதே துடிப்பு. மேல் அழுத்தத்துக்கும் கீழ் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் கீழே பார்த்ததை விடக் குறைவு. கொஞ்ச நேரம் சென்சாரைத்தான் சந்தேகப்பட்டேன். அப்புறம்தான் உறைத்தது: காற்றுத்தொட்டியின் நெகிழ்வு, காற்றின் கன அளவை முழு அழுத்தத்தால் வகுத்தது. சேலம் 300 மீட்டருக்கும் கீழே, ஏற்காடு சுமார் 1,500 மீட்டர், வெளிக்காற்றின் அழுத்தமே அங்கே குறைவு. அதே ஒரு லிட்டர் காற்று அங்கே பத்து சதவீதத்துக்கு மேல் கூடுதலாக நெகிழும். பாடத்தில் எத்தனையோ தடவை எழுதிய சமன்பாடு, மலையேறிப் போய்த்தான் கண்ணால் பார்த்தேன். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

அங்கே குளிரும் சேர்ந்துகொண்டது. எடையில் 40 சதவீதம் கிளிசரின் கலந்தால் 20 டிகிரியில் பாகுத்தன்மை சுமார் 3.7 சென்டிபாய்ஸ், 30 டிகிரியில் 2.7 தான். சித்திரை மதியம் எங்கள் லேபில் எடுத்த அளவையும் மார்கழி காலையில் எடுத்ததையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடவே முடியாது. ஹீட்டர் போட்டு வெப்பநிலையை ஒரே இடத்தில் பிடித்து, அந்த வெப்பத்துக்கு ஏற்றபடி கிளிசரினைக் கலக்க வேண்டும். ஃப்ளோ சென்சாரையும் வாளி, தராசு, ஸ்டாப்வாட்ச் வைத்து சரிபார்க்க வேண்டும். இந்தக் கரைசல் லிட்டருக்கு 1.1 கிலோ, ஒரு கிலோ என்று போட்டுக் கணக்கிட்டால் பத்து சதவீதம் தப்பு. இத்தனையும் செய்தாலும் ரத்த அணு எவ்வளவு உடைகிறது என்று கிளிசரின் சொல்லாது, அதற்கு ரத்தம் வைத்துத்தான் தனியாகச் சோதிக்க வேண்டும்.

தம்பிக்கு என் பதில்: இதை விட நல்ல ஆசான் எனக்குக் கிடைத்ததில்லை, ஆனாலும் நீ கட்டாதே. அடுத்த வருடம் கேட்டால் வேறு மாதிரி சொல்வேனோ என்னவோ, இன்றைக்கு விரலில் இன்னும் அக்ரிலிக் பசை போகவில்லை. உன் பம்பை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி சேலத்துக்கு வா, எங்கள் லூப்பிலேயே மாட்டிப் பார்க்கலாம். உன் இன்லெட் டியூபின் உள்விட்டம் எத்தனை மில்லிமீட்டர் என்று மட்டும் முன்னாலேயே சொல்லிவிடு, கனெக்டரைப் பட்டறையில் கடைந்து வைக்கிறேன்.