பண்டிகை நாளில் பிள்ளை: வீட்டோடு தங்கட்டுமா, வந்து போகட்டுமா, தனியே பார்ப்பதா?

போதைப் பழக்கமும் பைபோலார் கோளாறும் (மனநிலை அதீத உற்சாகத்துக்கும் ஆழ்ந்த சோர்வுக்கும் மாறி மாறிப் போகும் நோய்) சேர்ந்திருக்கும் வளர்ந்த பிள்ளைக்குப் பண்டிகை விடுமுறையில் மூன்று வழிகள் உண்டு: நாள் முழுக்க வீட்டோடு தங்குவது, சில மணி நேரம் வந்து போவது, கூட்டம் ஓய்ந்த பிறகு தனியே சந்திப்பது.

தங்கவைத்தால் பெற்றோர் மனம் நிறையும். ஆனால் எல்லாரும் பாட்டிலையே கண்காணிக்க, முதலில் கெடுவது தூக்கம். தூக்கம் குறைந்தாலே மேனியா, அதாவது அந்த அதீத உற்சாக நிலை, கிளம்பலாம். மூன்று மணி நேரம் மட்டும் தூங்கிவிட்டுக் களைப்பே இல்லாமல் ஓடியாடினால், அதைப் பண்டிகை உற்சாகம் என்று விட்டுவிடாதீர்கள். இரண்டாவது இரவும் அப்படியே போனால் மருத்துவரை அழையுங்கள். தங்குவதாக இருந்தால் தனி அறையும், விடுமுறை முடிந்தும் ஒரு வாரத்துக்கு மாத்திரைக் கையிருப்பும் வேண்டும். மனநிலையைச் சீராக வைக்கும் லாமோட்ரிஜின் மாத்திரை ஐந்து நாட்களுக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவில் மறுபடி தொடங்கக் கூடாது, கடுமையான தோல் பாதிப்பு வரலாம். அதே நோக்கத்துக்கான இன்னொரு மருந்தான லித்தியம் எடுப்பவருக்கு வாந்தி, பேதியால் நீர் வற்றினாலோ, தலைவலிக்கு ஐபுப்ரோஃபென் என்ற வலி மாத்திரை கொடுத்தாலோ ரத்தத்தில் லித்தியம் நச்சு அளவுக்கு ஏறலாம். நடை தள்ளாடும், நாக்கு குழறும். குடித்துவிட்டு வந்திருப்பதாக நினைத்துத் தூங்க அனுப்பிவிடுவார்கள். போக வேண்டியது மருத்துவமனைக்கு.

எங்கள் தேர்வு இரண்டாவது வழி. சாப்பாட்டு வேளைக்கு வந்து, இரண்டு மணி நேரம் இருந்து, மது வெளியே வருமுன் கிளம்பலாம். திரும்பும் வண்டி முன்பே ஏற்பாடாகியிருக்க வேண்டும். "இன்னும் கொஞ்ச நேரம் இரேன்" என்று யாராவது இழுக்கும்போதுதான் திட்டம் உடையும். அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அவர் இருக்கும் நேரத்தில் மது கண்ணில் படவே வேண்டாம். பலர் மறப்பது மருந்து அலமாரியை: தூக்க மாத்திரை, வலி மாத்திரை எல்லாம் பூட்டுக்குள் போகட்டும்.

தனிச் சந்திப்பு, மருத்துவமனையிலிருந்து இப்போதுதான் திரும்பியவருக்குப் பொருந்தும். மனச்சோர்வில் இருப்பவரைப் பண்டிகையன்று தனியே விடுவது ஆபத்து; ஒதுக்கிவிட்டதாகவே அவருக்குப் படும். அன்று யாராவது உடனிருக்கட்டும். தற்கொலைப் பேச்சு வந்தால் நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைக்காது.

அன்பளிப்பாகக் கையில் பணமா, அவர் கட்டவேண்டிய கட்டணத்தை நாமே நேராகக் கட்டுவதா? இரண்டாவதுதான்.

எந்த வழியானாலும், தினமும் அதிகம் குடிப்பவரைப் பண்டிகைக்காகத் திடீரென்று நிறுத்தச் சொல்லாதீர்கள். முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாட்களில் மனக்குழப்பமும் காய்ச்சலும் வந்து உயிரே போகலாம். நிறுத்துவது மருத்துவர் மேற்பார்வையில் நடக்கட்டும். ஓபியாய்டு (ஹெராயின், மார்ஃபின் போன்றவை) விட்டவருக்கு நேர்மாறான அபாயம்: உடலின் தாங்குதிறன் குறைந்திருக்கும், பழைய அளவே மூச்சை நிறுத்திவிடும். ஓபியாய்டின் விளைவை முறிக்கும் நாலக்சோன் மருந்து கிடைக்கும் இடமானால் வாங்கி வைத்து, பயன்படுத்தும் விதத்தை வீட்டில் இருவராவது கற்றுக்கொள்ளுங்கள். அதைக் கொடுத்த பிறகும் ஆம்புலன்ஸை அழைத்தே ஆக வேண்டும். மருந்தின் வேகம் தணிந்ததும் மூச்சு மறுபடி அடங்கலாம்.